ஒரு சின்ன சந்தேகம், கஸ்தூரி

திருமுல்லைவாயில்
20-1-1993

அன்புள்ள அவருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஆலப்புழை வண்டியில் சென்ட்ரல் வரைக்கும் போய், வந்த வழியே லோக்கல் ரயிலில் திரும்பி இங்கே இறங்கினேன்.

அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறுகிறது. ஆனால் என்னைத் தெரிந்தது. என் கையைப் பிடித்து விரல்களைப் புரட்டிப் பார்த்தார். நகத்துக்கடியில் கிரீஸ் கறுப்பு இருந்ததும் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். ஆவடி பாக்டரியில் ஆயுசு முழுவதும் பிட்டராக இருந்த மனுஷன், அவருக்கு அந்தக் கறுப்பே போதும். டாக்டர் உயிருக்குப் பயமில்லை என்கிறார். எழுந்து உட்கார மாதக்கணக்கு ஆகலாமாம். பூந்தமல்லியிலிருந்து தங்கை லோகநாயகி தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளால் எத்தனை நாள் முடியும்? அதனால் நான் பங்குனி வரைக்கும் இருந்துவிட்டு வருகிறேன்.

எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை. கட்டில் ஆடமாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டுச் சொர்ணம் அக்கா குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கிறாள், நான் ஓடிப்போய் மூடிவிட்டு வருகிறேன். ஐந்து வருஷமாகக் குடிதண்ணீரைக் குவளையில் அளந்து செலவழித்த புத்தி. "இன்னாடி கஸ்தூரி, படகுலயேவா குடித்தனம் பண்ணிக்கினு கீறே? அடுப்பு எங்க வெப்பே? குளிக்கிறதெல்லாம் எப்டி?" என்று தெருவே வந்து கேட்டுவிட்டுப் போகிறது. அடுப்பும் படகோடு சேர்ந்து ஆடும்படி தொங்கவிட்டிருக்கிறோம் என்றால் ஒருத்தரும் நம்பவில்லை.

அல்லி எப்படி இருக்கிறாள்? வாரம் ஒரு முறையாவது அவள் என்ஜினை ஓடவிடுங்கள். புரொப்பெல்லர் தண்டு வெளியே போகிற இடத்தில் தண்ணீர் சொட்டும், அது சொட்டத்தான் வேண்டும். ஓடினால்தான் பயம். சொட்டு நிற்கட்டும் என்று நட்டை இறுக்கிவிடாதீர்கள், தண்டு சூடாகித் தேய்ந்துபோகும். பேட்டரி முனையில் பச்சை பூத்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்துவிட்டு வாஸ்லைன் தடவுங்கள். போன மழையில் ஜன்னல் ஒழுகிய இடத்தில் என் புடவைகளை வைக்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

கஸ்தூரி


கொச்சி
4-2-1993

என் கஸ்தூரிக்கு,

உன் கடிதத்தைக் கன்னியப்பன் படகு யார்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். மேல்தட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். சாயங்காலம் தண்ணீர் தகடு மாதிரிக் கிடந்தது. இந்த அழகைப் பார்க்க நீ பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. நீ இருந்தாலும் பார்த்திருக்கமாட்டாய், எதையாவது கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

மாமாவை நன்றாகப் பார்த்துக்கொள். அவசரப்பட்டு ஓடிவராதே. பெற்ற தகப்பனுக்குச் செய்கிற சேவை மறுபடி கிடைக்காது. பங்குனி என்ன, சித்திரை வைகாசி ஆனாலும் சரி. நான் சமாளித்துக்கொள்வேன்.

ஒரு சின்ன சந்தேகம், கஸ்தூரி. என்ஜினுக்குக் கடல் தண்ணீர் இழுக்கிற பம்ப் இருக்கிறதே, அதற்குள் ரப்பர் விசிறி மாற்றுவது எப்படி? நீ மாற்றும்போது பார்த்திருக்கிறேன், ஆனால் கையால் செய்ததில்லை. எந்தப் பக்கம் வளைத்துச் செருக வேண்டும், புதுசு எங்கே வைத்திருக்கிறாய், எல்லாவற்றையும் விவரமாக எழுது. அப்படியே டீசல் பில்டர் பற்றியும். படம் போட்டு எழுதினால் இன்னும் நல்லது. ஐஸ்பெட்டி மோட்டார் பேட்டரியை ரொம்ப இழுக்கிறது, அதற்கும் என்ன செய்யலாம் என்று சொல்.

நீ இல்லாமல் படகு பெரிதாகத் தெரிகிறது.

உன்
மனோகரன்


திருமுல்லைவாயில்
12-2-1993

அன்புள்ள அவருக்கு,

படம் போட்டுத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். முதலில் கடல் தண்ணீர் வால்வை மூடுங்கள். இதை மறந்துவிட்டுப் பம்பைத் திறந்தால் படகுக்குள் கடல் வந்துவிடும். மூடியைக் கழற்றியதும் பழைய விசிறியை இரண்டு பக்கமும் நெம்பி எடுங்கள். இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு குழாயில் எங்கேயோ போய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேடி எடுக்காமல் ஓட்டக்கூடாது. புதுசு, நம் படுக்கைக்குக் கீழே பிஸ்கட் டின்னில் இருக்கிறது. உள்ளே சமையல் எண்ணெய் தொட்டு, சுற்றுகிற பக்கமாக இதழ் மடங்கும்படி செருகுங்கள். முடிந்ததும் வால்வைத் திறந்தோமா என்று பார்த்துவிட்டுத்தான் சாவி.

அப்பா நேற்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தார். இந்தப் படத்தை நான் வரைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "யாதுக்கு?" என்று கேட்டார். உங்களுக்கு என்றேன். "அவுனுக்கா? அவுனா செய்யப்போறான்?" என்றார். அவருக்குக்கூட ஆச்சரியம். எனக்கும்தான். போன வருஷம் மினிக்காய்த் தீவுப் பக்கம் பாய்மரத்தைப் பிடித்திருந்த கம்பி அறுந்தபோது, அந்த ஆட்டத்தில் உச்சிக்கு ஏறி, பல்லால் கம்பியைக் கடித்துக்கொண்டு கட்டிவிட்டு வந்தவர் நீங்கள். கீழே சுக்கானைப் பிடித்திருந்த எனக்கு உங்களை நிமிர்ந்து பார்க்கவே தைரியமில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் என்ஜின் மூடியைத் திறந்தால் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடிவிடுவீர்கள். இப்போது நீங்களாகக் கற்றுக்கொள்ள நினைப்பது எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்று புரியவில்லை. ஐஸ்பெட்டி மோட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்மிடம் ஏது ஐஸ்பெட்டி? மீனை ஈரச்சாக்கில் சுற்றி வைத்துத்தானே காலம் தள்ளுகிறோம்? யாருடைய படகையாவது சொல்கிறீர்களா?

லோகநாயகி சனிக்கிழமை பிள்ளைகளோடு வந்து ஒரு மாதம் இங்கேயே இருக்கிறேன் என்கிறாள். அதனால் நான் முன்னதாகவே வரமுடியும் என்று நினைக்கிறேன்.

கஸ்தூரி


கொச்சி
1-3-1993

என் கஸ்தூரிக்கு,

நீ சொன்னபடியே விசிறி மாற்றிவிட்டேன். தண்ணீர் பின்னால் பீச்சியடித்தபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது கிளம்பி வராதே. அல்லியைக் கரையேற்றி அடிப்பகுதிக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறோம். வாடை தாங்காது, தங்க இடமும் இருக்காது. நானே யார்டில் ஒரு மூலையில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். முடிந்ததும் எழுதுகிறேன், அப்போது வந்தால் போதும்.

ஒரு சின்ன சந்தேகம். டீசலில் காற்றுப் புகுந்து என்ஜின் நின்றுபோனால், காற்றை வெளியேற்ற எந்த ஸ்குரூவை முதலில் தளர்த்துவது? நடுக்கடலில் நீ செய்தாயே, அந்த வரிசை முழுவதும் வேண்டும். ஒன்றும் விட்டுவிடாமல் எழுது. சீக்கிரம் எழுது.

மாமாவுக்கு என் வணக்கம்.

மனோகரன்


கொச்சி
24-3-1993

மனோகரனுக்கு,

பேரை எழுதி உங்களைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

ஐஸ்பெட்டி பற்றிக் கேட்டிருந்தேன், நீங்கள் பதிலே சொல்லவில்லை. கரையேற்றினால் தண்டையும் வால்வுகளையும் நான்தான் பார்க்க வேண்டும், அதற்கு என்னை வராதே என்றீர்கள். காற்று எடுக்கிற வரிசையை எழுதித் தபாலில் சேர்த்த பிறகும் மனசு கேட்கவில்லை. அப்பாவை லோகநாயகியிடம் விட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

நாம் கட்டுகிற இடத்தில் வேறு ஏதோ மீன்பிடி படகு கிடந்தது. யார்டிலும் அல்லி இல்லை. கன்னியப்பன் என்னைப் பார்த்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றான். ராயபுரத்து ஆள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"இன்னாமா, நீ இங்க வந்து நிக்கிறே? நீ ஊர்ல அப்பாவாண்ட கீறேன்னு நெனச்சேன்."

"அல்லி எங்கே?"

"மெய்யாலுமே உனக்குத் தெரியாதா? போட்டைத்தான் வித்தாச்சேமா. தை மாசமே முடிஞ்சிபோச்சி. கோயம்புத்தூர் மில்லுக்காரரு, ராஜசேகரன்னு, வாங்கினதும் ஐஸ்பெட்டிலாம் வெச்சாரு. அண்ணாத்தே அதே போட்டுல கேப்டனா போய்கினாரு. என்ஜின் வேலையும் நானே பாத்துக்குவேன்னு சொல்லிகினாரு, அதனால வேற ஆள் வெக்கல. மில்லுக்காரரு, அவுரு சம்சாரம், ரெண்டு பொண்ணுங்க, எல்லாரும் ஏறிகினு போர்ட் பிளேர் போய்ட்டாங்க. போயி பத்து நாள் ஆச்சி."

நான் அங்கேயே கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பிறகு கொட்டகைக்குள் போய் ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தான். "இத்த உங்கிட்ட குடுக்கச் சொன்னாரு, எப்பனா வந்தா."

என் புடவைகள், என் சீப்பு, ஆடுகிற அடுப்பில் நான் சோறு வடித்த பாத்திரம். புடவைகள் பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. ஆனால் என் டூல் பெட்டி இல்லை. அப்பா ரிடையர் ஆனபோது எனக்குக் கொடுத்த பெட்டி. துணியைக் கரையில் போட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

அதைவிட ஒன்று. நான் கடைசியாகப் போட்ட கடிதம் அவன் கையிலேயே இருந்தது. "உன் லெட்டர் எது வந்தாலும் ஒடனே போர்ட் பிளேருக்கு மாத்தி அனுப்பச் சொல்லிகினு போனாரு, அத்து ரொம்ப முக்கியம்னாரு" என்றான். கேட்டதும் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், என் கடிதம் உங்களுக்கு முக்கியம் என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உறைத்தது. ராஜசேகரனிடம் என்ஜின் தெரியும் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறீர்கள். எனக்கு எழுதி, என் பதிலைப் பார்த்து, வேலை செய்கிறீர்கள். நீ இல்லாமல் படகு பெரிதாகத் தெரிகிறது என்று எழுதியபோதே அது விற்றாகிவிட்டது.

அந்தக் கடிதத்தைக் கன்னியப்பனிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அல்லி உங்கள் பேரில் இருந்தாள். பதிவு செய்கிற இடத்தில் ஒரு பேர்தான் எழுதவேண்டும் என்றார்கள், நீங்களே எழுதுங்கள் என்று நான்தான் சொன்னேன். உங்கள் பங்கு நிலம் அதில் போனது, என் நகையும் போனது. அதையெல்லாம் நான் கேட்கவில்லை. என் வீட்டை விற்றதை எனக்குச் சொல்லாமல், அந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே எனக்குக் கடிதம் எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

கஸ்தூரி


போர்ட் பிளேர்
10-4-1993

கஸ்தூரி,

நீ கொச்சிக்குப் போவாய் என்று நான் நினைக்கவில்லை. நானே சொல்லத்தான் இருந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் எழுத நினைத்து, மாமா உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

போன ஆனியில் உனக்குக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கிறதா? மழையில் எங்கும் போகமுடியாமல் கட்டிக் கிடந்தோம். ஜன்னலெல்லாம் ஒழுக, ஈரப்படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போயிடலாங்க, போதும்" என்றாய். உனக்கு நினைவில்லாமல் இருக்கலாம். எனக்கு இருக்கிறது. பாய் கிழிந்துவிட்டது, பாய்மரத்தைப் பிடிக்கிற கம்பி எல்லாம் மாற்ற வேண்டும். டூரிஸ்ட் யாரும் வரவில்லை. உன்னைக் கேட்டிருந்தால் கையால் தைத்துக்கொள்ளலாம், பழைய கம்பி கிடைக்கும் என்று சொல்லி இன்னும் இரண்டு வருஷம் ஓட்டியிருப்பாய். ஒருநாள் அந்தப் படகு நம் இருவரையும் எடுத்துக்கொண்டு கீழே போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள். அந்தப் படகில் ஒரு ஸ்குரூவை உன்னைக் கேட்காமல் நான் தொட முடிந்ததா? "அதைத் தொடாதீங்க, அது அப்படியில்ல, நான் பார்த்துக்கறேன்." ஐந்து வருஷம் நான் என் படகில் விருந்தாளியாக இருந்தேன். ராஜசேகரன் என்னைக் கேப்டன் என்று கூப்பிடுகிறார். அவர் பெண்கள் பாயை எப்படி இழுப்பது என்று என்னைத்தான் கேட்கிறார்கள். படகை விற்றுவிட்டுத் திருமழிசைக்குப் போய் அண்ணன் கூடத்தில் பாய் விரித்துப் படுக்க என்னால் முடியாது. கடலை விட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது உனக்கே தெரியும்.

உன்னைக் கூப்பிட்டுக்கொள்ளத்தான் நினைத்தேன். இடம் இல்லை என்றார்.

சரி, திட்டு. ஆனால் இதற்கு மட்டும் உடனே பதில் போடு. ஒரு சந்தேகம். என்ஜின் எண்ணெய் பால் போட்ட டீ மாதிரி ஆகிவிட்டது. எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பார்த்தால் வெள்ளையாக நுரை நிற்கிறது. மூன்று நாளாகக் காற்றே இல்லாமல் என்ஜினிலேயே வந்தோம், நிறுத்தியபின் இப்படி. ஸ்டார்ட் செய்தால் டொக்கென்று நிற்கிறது. ராஜசேகரனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இப்படி ஆக யார் விட்டது என்று கேட்பார். மாதக் கடைசியில் தாய்லாந்துக்குக் கிளம்ப வேண்டும் என்கிறார். பாய் இருக்கிறது, எப்படியாவது போய்விடலாம் என்றும் தோன்றுகிறது. ஆனாலும் நீ சொன்னால் தைரியமாக இருக்கும்.

மனோகரன்


திருமுல்லைவாயில்
21-4-1993

மனோகரனுக்கு,

காய்ச்சலில் கிடந்தவள் வீட்டுக்குப் போகலாம் என்றாளாம், நீங்கள் வீட்டை விற்றுவிட்டீர்களாம்.

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. சொல்லியிருக்கலாம். காய்ச்சல் விட்ட மறுநாளே ஜன்னலைக் கழற்றி ரப்பர் மாற்றினேனே, அது உங்களுக்கு நினைவில்லையா? விருந்தாளி என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். என்னிடம் சண்டை போட்டிருக்கலாம். என் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், பிறகு கொடுத்திருப்பேன். நான் கரையேறி அப்பாவுக்கு மலம் அள்ளிக்கொண்டிருந்த சமயம் பார்த்து விற்றீர்களே.

பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், ராஜசேகரனின் பெண்கள் என்ற இடம் வந்ததும் இடது கையால் என் முட்டியைத் தட்டினார். "கொயந்தைங்க கீதே" என்றார். "எய்து."

அதனால் எழுதுகிறேன். சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் கடல் தண்ணீர் நிற்கிறது. ஸ்டார்ட்டரை அழுத்த அழுத்த உள்ளே இருக்கிற கம்பி வளையும், பிறகு அந்த என்ஜின் பழைய இரும்புக்குத்தான் போகும். கடல் தண்ணீர் வால்வை மூடுங்கள். சிலிண்டர் தலையில் இருக்கிற இரண்டு கைப்பிடிகளையும் தூக்கிவைத்துவிட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்றுங்கள், தண்ணீர் வெளியேறும். எண்ணெய் முழுவதையும் வடித்துப் புது எண்ணெய் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு மறுபடி வடியுங்கள். எண்ணெய் எண்ணெயாகத் தெரிகிறவரை இதைச் செய்யவேண்டும். இவ்வளவும் இன்றைக்கே, உப்பு உள்ளே தின்பதற்குள்.

தண்ணீர் எப்படிப் புகுந்தது? சமையல்கட்டுக்குப் பின்னால், குழாய் மேலேறி வளைகிற இடத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். என்ஜின் நின்றதும் காற்றை உள்ளே விட்டுத் தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது அதுதான். அதில் உப்பு அடைத்திருக்கும். மாதம் ஒரு தடவை நான் அதைக் கழற்றி வினிகரில் போடுவேன். ஊறுகாய் போடுகிறாயா என்று கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் ஒரு மெக்கானிக் பார்க்காமல் அந்த என்ஜினை நம்பி அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலைத் தாண்டக்கூடாது. அங்கே இந்த மாதத்தில் காற்று இருக்காது. நடுவில் புயல் கிளம்பினால் ஒதுங்க என்ஜின் வேண்டும். நீங்கள் இதை ராஜசேகரனிடம் சொல்லமாட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் இதே விவரத்தை அவர் பேருக்கும் துறைமுக அலுவலக முகவரிக்குத் தனியாக எழுதி இதோடு தபாலில் சேர்க்கிறேன். நான் யார், இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் எழுதியிருக்கிறேன். உங்களைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

என் பெட்டியை அனுப்பிவையுங்கள்.

கஸ்தூரி


போர்ட் பிளேர்
13-5-1993

கஸ்தூரி,

உனக்குத் திருப்திதானே? ராஜசேகரனுக்கு நீ எழுதிய கடிதம்தான் முதலில் வந்து அவர் கைக்குப் போனது. நான் மேல்தட்டில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் குச்சியைத் தானே எடுத்துப் பார்த்துவிட்டு மேலே வந்தார். சத்தம்கூடப் போடவில்லை. "உங்க சம்சாரம்தான் இவ்வளவு நாளும் இந்த என்ஜினைப் பார்த்துக்கிட்டாங்களா, மனோகரன்?" என்றார். கேப்டன் என்று சொல்லவில்லை. அவர் மனைவி வனஜா இரண்டு பெண்களையும் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

என்னை இறக்கிவிட்டார்கள். கப்பல் டிக்கெட் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டார். மழைக்காலம் முடிகிறவரை அல்லி இங்கேயே கிடப்பாளாம்.

கட்டின புருஷனை ஊருக்கு முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டாய். நான் உன்னிடம் மறைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன்னை யார் முன்னாலும் தலைகுனிய வைக்கவில்லை. அவர் உன் முகவரி கேட்டார். கொடுத்தேன். போ, போய் உன் படகை நீயே ஆண்டுகொள்.

மனோகரன்


திருமழிசை
2-7-1993

அன்புள்ள கஸ்தூரிக்கு,

போன கடிதத்தைக் கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துப்போடு.

ஒரு மாதமாக லோகநாதன் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். முதல் நாள் சென்ட்ரலிலிருந்து ஆவடி ரயிலில் ஏறினேன். திருமுல்லைவாயிலில் வண்டி நின்றது. இறங்க எழுந்தேன். படியில் நிற்கிறவர்கள் "எறங்கறியா இல்லியா நைனா, வழிய விடு" என்றார்கள். வழிவிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன். உன் முகத்தைப் பார்க்கிற தைரியம் வரவில்லை.

இங்கே எல்லோரும் நன்றாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் காலையில் கண் விழித்ததும் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கக் கழுத்து திரும்புகிறது. சுவர்தான் தெரிகிறது. நீ எழுதியிருந்தாயே, கட்டில் ஆடமாட்டேன் என்கிறது என்று. இப்போது எனக்கும் அப்படித்தான். உன்னைத் தவிர வேறு யாரிடம் இதைச் சொன்னாலும் புரியாது.

நான் செய்தது துரோகம். அந்த வார்த்தையை நீ எழுதவில்லை, நானே எழுதுகிறேன். திரும்பவும் ஒன்றாக இருக்கலாம் கஸ்தூரி. இங்கேயே ஒரு வாடகை வீடு பார்த்துக்கொள்ளலாம், மாமாவையும் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு முதலில் எனக்கு ஒரு வேலை வேண்டும். கடவுள் புண்ணியத்தில் ஒன்று வந்திருக்கிறது. இங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பெரிய ரப்பர் கம்பெனி, பெருமாள் கோயிலுக்குப் போகிற ரோட்டில் மூன்றாவது கேட். கரண்ட் போனால் ஓட்ட இரண்டு டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள், பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். போர்மேன் பரந்தாமன், அண்ணனுக்குத் தெரிந்தவர். வெள்ளிக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார். ஓட்டிக் காட்டச் சொல்வாராம்.

அதனால் ஒரு சின்ன சந்தேகம். டீசலில் காற்று எடுக்கிற அந்த வரிசை, நீ எழுதி எனக்கு வராமலே போய்விட்டதே, அதை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. பெரிய என்ஜினுக்கும் அதுதானே? உன் டூல் பெட்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வேலை நிலைக்கிறவரை இருக்கட்டும், வெறுங்கையோடு போனால் மதிக்கமாட்டார்கள்.

நமக்காகத்தான் கேட்கிறேன்.

உன்
மனோகரன்


திருமுல்லைவாயில்
7-7-1993

மனோகரனுக்கு,

ராஜசேகரன் எனக்கு எழுதியிருந்தார். மரியாதையான கடிதம். சம்பளத்துக்கு வந்து அல்லியைப் பார்த்துக்கொள்ள முடியுமா, எனக்கென்று முன்பக்கத்து அறையை ஒதுக்கித் தருகிறேன் என்று. அந்த அறையில்தான் நாம் பாயும் கயிறும் போட்டு வைத்திருந்தோம். ரொம்ப நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். போக ஆசை இருந்தது, உங்களிடம் மறைப்பானேன். அந்தப் படகில் எனக்குத் தெரியாத ஆணி ஒன்று கிடையாது. அதில் ஏறும்போது செருப்பை எங்கே விடலாம் என்று இன்னொருத்தரைக் கேட்க என்னால் முடியாது. வரவில்லை என்று எழுதிவிட்டேன். எந்தெந்த வால்வை எப்போது பார்க்கவேண்டும் என்று மட்டும் ஒரு தாள் வைத்தேன். அந்தப் பெண்கள் அதில் இருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தைத் திங்கட்கிழமை மத்தியானம் தபால்காரர் கொடுத்தார். திரும்பவும் ஒன்றாக இருக்கலாம் என்ற இடத்தில் எனக்கு அழுகை வந்தது. கட்டில் ஆடாததைப் பற்றி எழுதியதை நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். அப்படியே கீழே படித்துக்கொண்டு வந்தேன், உங்கள் சின்ன சந்தேகம் வந்துவிட்டது. பேனாவைக்கூட எடுத்தேன். முதல் ஸ்குரூ பில்டர் தலையில் என்று எழுதினேன். அப்போதுதான் என் கை என்ன செய்கிறது என்று பார்த்தேன்.

நேற்று காலை சொர்ணம் அக்காவை அப்பாவோடு உட்காரச் சொல்லிவிட்டுத் திருமழிசைக்கு பஸ் ஏறினேன். முதலில் உங்கள் அண்ணன் வீட்டுக்குத்தான் வந்தேன். நீங்கள் இல்லை. எல்லம்மா அண்ணி, "வாம்மா, உள்ள வா, அவுரு டீ குடிக்கப் போய்கினாரு, வந்துடுவாரு" என்றார்கள். நான் நிற்கவில்லை. என் பெட்டியைக் கேட்டேன். "உன்துதானே, எட்துக்கோ" என்று தூக்கிக் கொடுத்துவிட்டு, வாசலில் வைத்து என் தலையைத் தடவினார்கள். அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

பெட்டியோடு மூன்றாவது கேட்டுக்குப் போனேன். பரந்தாமன் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாமா, யாருக்கு வேலை? ஊட்டுக்காரருக்கா?"

"எனக்குத்தாங்க."

"இது பெரிய மிசினுமா. கரண்டு போன ஒடனே ஓட்டணும்னா ஆம்பளைங்களே பயந்து ஓடிப்போறானுங்க."

"கரண்ட் இப்போ இருக்கு. நீங்களே நிறுத்திட்டு என்னை ஓட்டச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். ஆனால் அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஒரு ஜெனரேட்டர் நிஜமாகவே இரண்டு வாரமாக ஓடாமல் கிடந்தது. வந்தவன் எவனோ டீசல் தீர்ந்துபோகிறவரை ஓட்டிக் காற்றை இழுக்க விட்டிருக்கிறான். நான் ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வருகிறவரை கைப்பம்பை அமுக்கி, ஒவ்வொன்றாக மூடினேன். படகு மாதிரி ஆடவில்லை, வாந்தி வரவில்லை, சுக்கானை யாரும் பிடிக்கத் தேவையில்லை. எனக்கு அது வேலையாகவே தோன்றவில்லை. ஸ்டார்ட் ஆனதும் கொட்டகையே அதிர்ந்தது. பரந்தாமன் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினார், கேட்கவில்லை. நிறுத்திய பிறகு மறுபடி சொன்னார்: "திங்கக்கெயமைலர்ந்து வந்துடு."

இதை உங்களிடமிருந்து மறைக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் எழுதிய கடிதத்தை வைத்துத்தான் நான் போனேன். கேட் எது, ஆள் யார், எதைக் கேட்பார் என்று எல்லாம் நீங்களே எழுதியிருந்தீர்கள். எனக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இப்படி ஒருத்தி ஆகிவிட்டோமே என்றுதான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் எழுந்து நிற்கப் பார்த்தார். இரண்டு பேர் பிடித்தோம். நின்றார்.

அவரைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். உங்களை அவருக்குப் பிடிக்கும், இப்போதும். வாடகை வீடு பற்றி என்னிடம் பேசவேண்டாம். நான் உங்களை மறுபடி நம்புவேனா என்பது எனக்கே தெரியவில்லை. தெரிகிறவரை நான் என் அப்பா வீட்டில் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்குப் போய்க் காத்திருக்காதீர்கள். அந்த வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டது.

கஸ்தூரி